வீட்டின் வசதி யாருக்கு?

வீடு கட்ட முற்படும் எவரும் மேஸ்திரியிடம் முதலிற் சொல்லும் சொல் "வசதியாக இருக்க வேண்டும்" என்பதே. மனையின் அளவும் கையிலுள்ள பணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும், இச்சொல் வேறுபடுவதில்லை. கூரைக்கு ஓடு மாற்றுகிறவரும் இதனையே சொல்லுகிறார். மாடிக்குக் கடைக்கால் தோண்டுகிறவரும் இதனையே சொல்லுகிறார். வெயிலும் மழையும் தாக்காமல் உண்ணவும் உறங்கவும் குளிக்கவும் படிக்கவும் ஏற்ற ஓர் இடம் வேண்டும் என்பது மக்கள் அனைவர்க்கும் பொதுவான விருப்பம். அதிற் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நாம் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு. வசதி யாருக்கு? கட்டுகிறவருக்கா? அடுப்படியில் நிற்கிறவருக்கா? நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவருக்கா? அவ்வீட்டின் கழிவை அகற்ற வருகிறவருக்கா?

அறைகளை எங்கெங்கே வைப்பது என்பது கொத்தனாரும் பொறியாளரும் பேசித் தீர்க்க வேண்டிய காரியமாயிற்றே, அறத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். மைசூர் நகரின் வரலாற்றைச் சிறிது நோக்கினால் அத்தொடர்பு தெளிவாக விளங்கும்.

2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து மைசூரு என்று அரசுமுறையாக வழங்கிவரும் அந்நகரம், ஒரு காலத்தில் கோட்டையைச் சுற்றி நெருங்கிக் கிடந்த ஊராயிருந்தது. 1898-ஆம் ஆண்டில் மைசூர் இராச்சியத்தினுள் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், சாளரமில்லாத உள்ளறைகளும், எலி குடியிருக்கும் பரண்களும் அந்நோய்க்கு நல்ல இடமாயின. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர், பலர் மாண்டனர். நகரை அமைக்கும் முறையையே மாற்றினாலன்றி உய்வில்லை என்பதை அரசு உணர்ந்தது. பம்பாயில் 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு தோன்றியது போல, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1903-இல், மைசூரிலும் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு ஒன்று நிறுவப்பெற்றது. நேரான வீதிகள், அளந்து பிரித்த மனைகள், வெளிச்சமும் காற்றும் புகும் வீடுகள் ஆகிய இவற்றை நோக்கமாகக் கொண்டு புதிய குடியிருப்புகள் எழுந்தன. 1988-இல் நகர வளர்ச்சி ஆணையம் அதன் இடத்துக்கு வரும்வரை, ஏறத்தாழ 85 ஆண்டுகள் அப்போர்டு பணி செய்தது. இன்று மைசூரின் நிழல் வீதிகளைக் கண்டு வியப்போர் பலர். அவ்வியப்பு தகும்.

நிற்க. அக்காலத்து நகரமைப்பு வரைபடங்களில் வேறொரு கோடும் உண்டு. இரண்டு வீதிகளைப் பார்த்து முன்வாசல் வைத்த வீட்டு வரிசைகள், முதுகோடு முதுகு நிற்கும் இடத்தில், புழக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய சந்து ஒன்று ஓடும். கன்சர்வென்சி சந்து என்பது அதன் பெயர். மைசூரின் பழைய பகுதிகளிலும் பெங்களூரின் பழைய பகுதிகளிலும் அச்சந்துகளை இன்றும் காணலாம். அது எதற்கென்று வெட்டப்பட்டது? புழக்கடையின் கோடியில் எடுப்புக் கக்கூசு இருந்தது. அதன் அடிப்புறம் சந்தை நோக்கித் திறந்திருந்தது. விடியற்காலையில் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், அச்சந்தின் வழியே வந்து, அவ்வாயிலின் வழியே கையை நீட்டி, உள்ளேயிருந்த மலத்தை வாரிக் கூடையிலோ வாளியிலோ இட்டுச் சுமந்து செல்வார். அவர் எச்சாதியிற் பிறந்தவர் என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த வீட்டினர்க்கு இது மிகச் சிறந்த வசதி. துர்நாற்றம் வீதிக்கு வராது. கூடை முன்வாசலைக் கடக்காது. எல்லாவற்றினும் மேலாக, அப்பணியைச் செய்கிறவரின் முகத்தை வீட்டார் பார்க்க நேராது. அவர் பெயரைக் கேட்க நேராது. மழை நாளில் அவர் நனைந்தாரா என்று எண்ணவும் நேராது. சாதி என்பது மனத்தில் இருக்கிறது, சாத்திரத்தில் இருக்கிறது என்று பேசுகிறோம். அச்சந்தில் அது அளவு நாடாவால் அளக்கப்பட்டு, மையினால் வரையப்பட்டு, கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டிருந்தது.

அவ்வரைபடத்தை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று சொல்வது நம் கருத்தன்று. பிளேக்கினின்றும் மக்களைக் காக்க முயன்றவர்கள் அவர்கள். நகரம் தூய்மையாக வேண்டும் என்பதே அவர்தம் கவலை. தீய எண்ணத்தால் விளையும் தீமையை நாம் எளிதிற் கண்டுகொள்கிறோம். நல்லெண்ணம் உடையவர், அறிவுடையவர், ஊர் நன்மையை நாடுகிறவர் ஒரு வினாவைக் கேட்க மறந்ததனால் விளையும் தீமை, காலங்கடந்தே கண்ணுக்குப் புலனாகிறது. அவர்கள் மறந்த வினா, இதன் வசதி யாருக்கு என்பதுதான்.

இக்கொடுமை எவ்வாறு குறைந்தது என்பதும் கருதத்தக்கது. அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1775-இல் வளைந்த குழாய் ஒன்றுக்கு உரிமை பெற்றார். அவ்வளைவில் சிறிதளவு நீர் எப்பொழுதும் தங்கி நின்று, கீழிருந்து வரும் நாற்றத்தைத் தடுக்கும். அந்த வளைவுதான், கக்கூசைப் புழக்கடையின் கோடியிலிருந்து வீட்டினுள்ளே கொண்டுவருவதற்கும், மனிதக் கை படாமல் கழிவை அகற்றுவதற்கும் வழி செய்தது. ஆயினும், பொருள் வந்துவிட்டதனாலேயே வழக்கம் ஒழிந்துவிடவில்லை. குழாய் கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் நம் ஊர்களில் கூடை ஒழியவில்லை. ஏனெனில், கூடை சுமக்கும் கை மலிவாகக் கிடைத்தது. கர்நாடகத்தில் 1970-களில் அமைச்சராயிருந்த பி. பசவலிங்கப்பா, தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தை ஒழிக்க முன்னின்றார். 1993-இல் எடுப்புக் கக்கூசு கட்டுவதையும் அதனைத் துப்புரவு செய்ய ஆள் வைப்பதையும் தடுக்கும் நடுவணரசுச் சட்டம் இயற்றப்பட்டது. 2013-இல் அதனினும் விரிந்த சட்டம் வந்தது. பொருளும் சட்டமும் வேண்டும். அவ்விரண்டையும் ஏவுகின்ற மனமும் வேண்டும்.

சந்து பழையதாயிற்று, கதை முடிந்தது என்று கருதலாகாது. இன்று கட்டும் வீடுகளில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாவிடத்து, நிலத்தடியில் கழிவுத் தொட்டி கட்டுகிறார்கள். அதனை எங்கே வைக்கிறார்கள்? இடம் மிச்சமாகும் என்று மாடிப்படியின் கீழோ, வண்டி நிறுத்துமிடத்தின் கீழோ வைத்து, மேலே வழுவழுப்பான கல் பதித்து மூடிவிடுகிறார்கள். மூடி எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்கே தெரிவதில்லை. தொட்டி நிறைந்தால், உறிஞ்சும் வண்டியின் குழாய் அவ்விடத்தை எட்டுவதில்லை. அப்பொழுது யாரையோ அழைத்து வருகிறார்கள். அவர் உள்ளே இறங்குகிறார்; நச்சுக் காற்றில் மூச்சுத் திணறி மாண்டுபோகிறார். 1993-க்குப் பின் இவ்வாறு சாக்கடையிலும் தொட்டியிலும் மாண்டோர் குடும்பங்கட்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததிலிருந்தே சாவு நிற்கவில்லை என்பது விளங்கும். தொட்டியின் மூடியை வாயிலருகே, குழாய் எட்டும் இடத்தில், திறப்பதற்கு எளிதாக வைப்பது ஓர் உயிரைக் காக்கும் செயல். வரைபடத்தில் அதற்குச் செலவு ஒரு கோடு மட்டுமே. இடமுள்ள மனையில் இரட்டைக் குழி முறையைக் கையாளலாம். ஒரு குழி நிறைந்தபின் மற்றொன்றைத் திறந்துவிட்டு, முதற்குழியை நெடுநாள் ஆறவிட்டால் அதிலுள்ளது எருவாகிவிடும். மலத்தைத் தொட வேண்டிய நிலை எவர்க்கும் நேராது.

இனி, இப்பொருள் குறித்துப் பகவன் புத்தர் யாது கருதினார் என்பதைக் காண்போம். வீட்டைத் துறந்தவர்க்கு வீட்டைப்பற்றி என்ன கவலை என்று வினவலாம். விநய பிடகத்தைப் பார்த்தவர் அவ்வாறு வினவார். தங்குமிடம் எதற்கு என்பதற்கு அங்கே கூறப்படும் விடை மிக எளியது. குளிரையும் வெப்பத்தையும், காற்றையும் வெயிலையும், கொசு முதலியவற்றையும் ஊர்வனவற்றையும் விலக்கவும், அமைதியாகத் தனித்திருக்கவுமே தங்குமிடம். பெருமை காட்டுவதற்கு என்ற பேச்சு அவ்விடத்தில் இல்லை.

ஆளவி என்னும் ஊரில் பிக்குகள் தமக்கெனக் குடில்கள் கட்டலாயினர். அளவின்றிப் பெரிதாகக் கட்டியதால் அவை முடிந்தபாடில்லை. மரம் கொடுங்கள், ஆள் கொடுங்கள், வண்டி கொடுங்கள் என்று ஊராரை ஓயாமற் கேட்டனர். தொல்லை பொறாத மக்கள், தொலைவில் பசுவைக் கண்டாலும் பிக்குதான் வருகிறார் என்று அஞ்சி ஓடும் நிலை வந்தது. இதனை அறிந்த ததாகதர், கொடையாளர் இன்றித் தமக்கெனக் கட்டிக்கொள்ளும் குடில் உட்புறம் பன்னிரண்டு சாண் நீளமும் ஏழு சாண் அகலமுமே இருத்தல் வேண்டும் என்று எல்லை வகுத்தார். அவ்வளவோடு நிற்கவில்லை. கட்டும் இடத்தைப் பிற பிக்குகள் வந்து பார்த்து இசைவளிக்க வேண்டும். அவ்விடம் சிற்றுயிர்களின் உறைவிடமாக இருத்தலாகாது. சுற்றிலும் எருது பூட்டிய வண்டி திரும்பி வரத்தக்க வெளி இருத்தல் வேண்டும் என்றும் விதித்தார். பரப்பு, பிறர் இசைவு, உயிர்க்கு ஊறு செய்யாமை, சுற்றிலும் வெளி என்னும் இந்நான்கும் இக்காலத்து நகராட்சி விதிகளை ஒத்திருக்கின்றன. விதி பிறந்த காரணமோ அறத்தைச் சார்ந்தது. ஒருவர் தம் குடிலைப் பெரிதாக்கும்பொழுது அதன் சுமை எவர் தலையில் ஏறுகிறது என்பதே அங்குக் கேட்கப்பட்ட வினா.

கழிப்பிடம் பற்றியும் அங்கே விதிகள் உள. மூத்த பிக்குகள் முதலிலும் இளையோர் பின்னரும் கழிப்பிடம் செல்வது என்ற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. காத்திருந்த இளம் பிக்குகள் அடக்க மாட்டாமல் மயங்கி விழுந்தனர். அதைக் கேட்ட பெருமான், அவ்விடத்தில் மூப்பு முறை வேண்டா, வந்த முறையே முறை என்று ஆணையிட்டார். அழுக்காயிருக்கக் கண்டவர் தாமே தூய்மை செய்தல் வேண்டும். நீர்க்கலத்தில் நீர் இல்லையேல் தாமே நிரப்புதல் வேண்டும் என்பனவும் அவ்விதிகளுட் சில. கழிவை அகற்றுவதற்கென்று ஒரு பிறப்பினர் அச்சங்கத்தில் இல்லை. குப்பை வாரிப் பிழைத்த சுனீதர் அச்சங்கத்திற் சேர்ந்தபின், அவரும் ஏனையோரும் ஒரே கழிப்பிடத்தை ஒரே முறையிற் பயன்படுத்தினர். ஒரே முறையிற் கழுவினர். சமத்துவம் என்பதைப் பேச்சளவில் நிறுத்தாமல், கட்டடத்தின் பின்மூலை வரையில் கொண்டுசென்றவர் நம் பெருமான்.

மனையடி சாத்திரம் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஈசானிய மூலையில் கழிப்பறை வந்தால் குடும்பம் கெடும், அக்கினி மூலையை விட்டு அடுப்பு நகர்ந்தால் பொருள் கெடும் என்று அஞ்சி, நன்றாயிருக்கும் சுவரை இடித்துக் கடன்படுவோரை எங்கும் காண்கிறோம். நம்மவரிலும் அத்தகையோர் இலர் என்று சொல்ல முடியவில்லை. திசை பார்ப்பதே தவறு என்பதில்லை. மைசூர் வடக்கே பன்னிரண்டு பாகைக்குச் சற்று மேலான அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஏப்பிரல் மாதக் கடைசி முதல் ஆகஸ்டு இருபதாம் நாள் அளவும் உச்சிப்பொழுதுச் சூரியன் வடபுறம் சாய்ந்தும், ஏனைய மாதங்களில் தென்புறம் சாய்ந்தும் நிற்கும். இவ்விரு புறமும் வெயில் உயரத்திலிருந்து விழுவதால், சாளரத்தின் மேல் ஒரு சிறிய வெயில்மறைப்பே போதும். மேற்றிசையிலோ பிற்பகல் வெயில் தாழ்ந்து நேரே நுழைகிறது. மறைப்பு அதனைத் தடுக்காது. ஆகையால் படுக்கையறையை மேற்கே வைத்தால் இரவெல்லாம் சுவர் சூட்டைக் கக்கும். மாடிப்படியையோ பண்ட அறையையோ மேற்கே வைத்தால் அதுவே கேடயமாகும். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்து, 1939 முதல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், வெப்ப நாடுகளில் கட்டடம் அமைப்பது குறித்துப் பின்னாளில் நண்பர்களுடன் எழுதிய கையேட்டிலும் வெயில், காற்று, ஈரம் ஆகியவற்றின் கணக்கையே முதன்மையாகக் கொண்டார். இவ்வகைத் திசையறிவு மெய்ப்பித்துக் காட்டத்தக்கது. மூலையில் தெய்வம் சினக்கும் என்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன், ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் நோக்கி வணங்கிக்கொண்டிருந்தபொழுது, புத்தர் அவனுக்குத் திசைகளின் பொருளை உரைத்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை ஏவலரும் தொழிலாளரும், மேல்திசை துறவோர். வலிமைக்கேற்ற வேலையும், உணவும் கூலியும், நோயுற்றபொழுது மருந்தும், ஓய்வும் கீழ்த்திசைக்குச் செய்ய வேண்டிய கடன்கள். ஒரு வீட்டின் வரைபடத்தை இக்கண்ணால் நோக்கினால், எத்திசை கெட்டிருக்கிறது என்பது உடனே தெரியும். சந்தினை அமைத்த வீடுகளில் ஈசானியம் குறையின்றி இருந்திருக்கலாம், கீழ்த்திசை கெட்டிருந்தது.

வீட்டின் பின்புறத்தைப் பார்த்தோம். இனி உட்புறத்தைப் பார்ப்போம். மைசூர்ச் சீமையின் பழைய வீடுகளைத் தொட்டி மனை என்பர். நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், முன்னே திண்ணை. வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே அழைத்த அருமையான அமைப்பு அது. அதன் நன்மையை ஒப்புக்கொள்ளும் நாம், அத்திண்ணையில் எவர் அமரலாம், எவர் வீதியிலேயே நிற்க வேண்டும் என்ற கணக்கும் அங்கே இருந்ததை மறக்கலாகாது. மேலும், முற்றத்தில் வெளிச்சம் பெருகிய வீடுகளிலும் அடுக்களை பின்கட்டில் இருண்டு, புகை சூழ்ந்து கிடந்தது. நாளின் பெரும்பகுதியை அங்கே கழித்தவர் பெண்டிர். வீடு கட்டுங்கால் அவரைக் கலந்து பேசினோர் அரியர்.

1926-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தபொழுது, மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், சமையல் செய்பவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே குனிகிறார், எதை எட்டி எடுக்கிறார் என்பதை ஆராய்ந்து, ஏறத்தாழ ஆறடி அகலமும் பதினோரடி நீளமும் உள்ள சிறு சமையலறை ஒன்றை வகுத்தார். சிறிய இடத்திலும் உழைப்பைக் குறைக்க முடியும் என்பதை அது உலகுக்குக் காட்டியது. அதனிடத்திலும் ஒரு குறை உண்டு. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யத்தக்கதாகையால், சமையல் ஒருத்தியின் தனிச் சுமையாகவே நின்றுவிட்டது. நம் நாட்டில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா என்னும் ஊரக அறிவியல் அமைப்பு, புகைபோக்கியுடன் கூடிய விறகடுப்பை உருவாக்கிற்று. அதுவும் வசதி யாருக்கு என்று கேட்டுப் பிறந்த பொருளே. அடுப்பின் முன் இருமிக்கொண்டிருந்தவருக்கு வசதி என்பதே அதன் விடை.

இதுவரை பிறர் கட்டிய வீடுகளைப் பேசினோம். நாம் கட்டும் வீடுகளைப் பற்றிப் பேசுவதே கடினமானது. நம்மவருள் பலர் ஒற்றை அறைக் குடிசையிலிருந்தும் லைன் வீடுகளிலிருந்தும் ஒரு தலைமுறையில் எழுந்து வந்தவர். இருபதுக்கு முப்பது அடி மனையோ முப்பதுக்கு நாற்பது அடி மனையோ வாங்கி, கடன் பெற்று, பெயர்ப் பலகை பதித்துக் கட்டுகின்றனர். அவ்வீடுகளுள் சிலவற்றைப் பாருங்கள். விருந்தினர் வந்து அமரும் முன்கூடம் மிகப் பெரிது. அடுக்களை மிகச் சிறிது. அதற்குச் சாளரம் ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. வேலைக்கு வரும் அம்மாளுக்குப் புறம்பாக ஒரு கழிப்பறை, அல்லது கழிப்பறையே இல்லை. அவருக்கெனத் தனிக் குவளை. எந்தச் சந்தின் வழியே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நடத்தப்பட்டனரோ, அச்சந்தினை நம் வீட்டினுள்ளேயே சிறிதாக வரைந்துகொள்கிறோம்.

இதற்கு மறுப்பு உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. "தலைமுறை தலைமுறையாகப் பிறர் திண்ணைக்கு வெளியே நின்றோம். இன்று எங்கள் கூடத்தில் நாற்பது பேர் வந்து அமர வேண்டும், எங்கள் வாசல் அழகாயிருக்க வேண்டும் என்று விரும்பினால் அதை ஆடம்பரம் என்று பழிப்பதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மானம் என்பதும் பசியைப் போன்ற ஒரு தேவையே. நல்ல வாசல் வைப்பதை எவரும் பழிக்கலாகாது. நம் வறுமையைக் கண்டு மெச்சுகிறவர்கள் சொல்லும் எளிமை உபதேசமும் நமக்கு வேண்டா. ஆனால், அக்கூடத்தின் அகலம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று மட்டும் பார்க்க வேண்டும். பணத்திலிருந்து எடுக்கப்பட்டதாயின் மகிழ்ச்சி. அடுக்களையின் காற்றிலிருந்தும், முதியவரின் அறையிலிருந்தும், பிள்ளை படிக்கும் மூலையிலிருந்தும் எடுக்கப்பட்டதாயின், வெளியார் கண்ணில் மானம் பெறுவதற்காக உள்ளிருப்பவரைக் குறுக்கியதாகும்.

படிக்கும் மூலை என்றவுடன் பாபாசாகிப் அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். பம்பாய்ப் பரேல் பகுதியில் குடும்பம் முழுவதும் ஓர் அறையில் வாழ்ந்தபொழுது, மகன் படிக்க அமைதியான இடம் இல்லாமையால், தந்தையார் அவரை முன்னிரவில் உறங்கச் செய்து பின்னிரவில் எழுப்பிப் படிக்க வைத்தார். இடம் இல்லாத வீட்டில் காலத்தைப் பிரித்து இடம் உண்டாக்கினார் அத்தந்தை. அம்மகன் 1930-களில் தாதரில் தமக்கென வீடு கட்டியபொழுது, நூல்களுக்கு முதன்மையான இடம் வகுத்தார். புத்தர் உலவிய நகரின் பெயரால் அதற்கு இராஜகிருஹம் என்று பெயரிட்டார். தாம் எதனை இழந்திருந்தாரோ அதற்கு வீட்டில் இடம் கொடுத்தார். வீடு கட்டும் நம்மவர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

ஆதலின், வரைபடம் கையில் வந்தவுடன் ஒப்பமிடுவதற்கு முன், வீட்டார் எல்லோரும் அமர்ந்து அத்தாளின்மேல் விரலால் நடந்து பார்த்தல் நன்று. முதலில், சமைப்பவராக நடந்து பாருங்கள். நீர், அடுப்பு, அரிசிப் பானை ஆகிய மூன்றும் அண்மையில் உள்ளனவா? எதிரெதிரே காற்று வர இரண்டு திறப்பு உண்டா? இருவர் நின்று வேலை செய்யலாமா? அடுத்து, நள்ளிரவில் எழும் எழுபது வயதுப் பெரியவராக நடந்து பாருங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் படி ஏறாமற் போகலாமா? கதவு வெளிப்புறம் திறக்குமா? உட்புறம் திறக்கும் கதவின் பின்னே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருப்பவர் திறக்க முடியாது. சக்கர நாற்காலி நுழைய மூன்றடி அகலம் இருக்குமா? பிடித்து எழ ஒரு கம்பி உண்டா? பின்பு, பள்ளிப் பிள்ளையாக நடந்து பாருங்கள். தொலைக்காட்சி ஓடும்பொழுது படிக்க ஒரு முழ மேடையும் ஒரு விளக்கும் உள்ள இடம் எது? அதன்பின், வேலைக்கு வருபவராக நடந்து பாருங்கள். எவ்வழியே வருகிறார்? எங்கே அமர்கிறார்? எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்? தொட்டியைத் துப்புரவு செய்ய வரும் வண்டி எங்கே நிற்கும்? கடைசியாக, அண்டை வீட்டாராக நடந்து பாருங்கள். நம் கூரை நீர் எவர் சுவரில் விழுகிறது? நம் மாடி எவர் முற்றத்து வெயிலை மறைக்கிறது?

இவ்வாறு நடந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும், பணம் வேண்டுவதில்லை. கதவைத் திருப்பி வைப்பதற்கும், சாளரத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றுவதற்கும், தொட்டியின் மூடியை முன்னே கொணர்வதற்கும் கட்டுமுன் செலவில்லை; கட்டியபின் பெருஞ்செலவு. வாடகை வீட்டில் இருப்போர் சுவரை மாற்ற இயலாது. ஆயினும் குவளையை மாற்றலாம், கழிப்பறையின் பூட்டை எடுக்கலாம், பிள்ளைக்கு ஒரு மூலையை ஒதுக்கலாம். வத்தாரம் என்று மைசூரில் வழங்கும் ஒட்டுக் குடியிருப்புகளில், பல குடும்பம் ஒரு குழாயையும் ஒரு கழிப்பிடத்தையும் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், வந்த முறையே முறை என்னும் பழைய விதி இன்றும் பயன்படும்.

2016-ஆம் ஆண்டில் நாட்டின் தூய்மையான நகரங்களின் வரிசையில் மைசூரு முதலிடம் பெற்றது. அப்பெருமை விடியுமுன் துடைப்பம் ஏந்தி வீதியில் இறங்கும் பௌரகார்மிகர்களின் உழைப்பால் வந்தது. ஒரு நகரத்தின் தூய்மையைப் புகழும்பொழுது அவ்வுழைப்பாளர் எங்கே குளிக்கிறார், எங்கே நிழலுக்கு ஒதுங்குகிறார் என்று கேட்பது அப்புகழைக் குறைப்பதாகாது, அதனை மெய்யாக்குவதாகும். நகரத்துக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும். ஒரு வீடு வசதியானது என்று அதன் உரிமையாளர் சொல்வது சான்றாகாது. அவ்வீட்டில் மிகக் குறைவாகப் பேச இடம்பெற்றவர் எவரோ, அவரைக் கேட்க வேண்டும். கேட்டபின் வரைபடத்தைத் திருத்த வேண்டும். தம்மத்தை ஏற்ற நாம் நம் இல்லங்களை இம்முறையில் அமைத்துக்கொள்வோமாக.